மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள்

நடுத்திட்டுக்குப் போகும் தரைப்பாலத்தில் கார் ஏறும்போதே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

"யாரு கேட்டாலும் நிலம் பாக்க வந்தோம்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீக."

"சரிங்க டீச்சர்" என்றார். நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் என் பேச்சு பிடிக்காத நேரத்தில் மட்டும் என் கணவர் மரிய அந்தோணிக்கு நான் இன்னும் டீச்சர்தான்.

நடுத்திட்டைச் சுற்றுப்பட்டில் எல்லோரும் தீவு என்றே சொல்வார்கள். மூன்று பக்கம் பெரிய கண்மாய், நாலாவது பக்கம் ஆறு. உள்ளே போக இந்த ஒரு பாலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை தை பிறந்தும் வற்றவில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் சக்கரத்துக்கு ஒரு முழம் கீழே நின்றது. அவர் தம்பி மகன் ஜோசப் ராஜிடம் இரவல் வாங்கி வந்த கார் வேறு. கண்மாய்க்குள் நிற்கும் நாரைகளைப் பார்த்துக்கொண்டே இவர் வண்டி ஓட்டியதில் நான் கதவுப் பிடியை விடவே இல்லை.

என் பயத்துக்கு அது மட்டும் காரணமில்லை. மறுநாள் ஞாயிறு. எங்கள் இளைய மகள் பெல்சிக்கும் இந்த ஊர் சகாயராஜுக்கும் மூன்றாவது ஓலை வாசிக்கும் நாள். எங்களில் கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பேர், மாப்பிள்ளை பேர், பெற்றவர்கள் பேர் எல்லாம் சொல்லி ஓலை வாசிப்பார்கள். இவர்கள் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று முடிப்பார்கள். மூன்றும் வாசித்தாகிவிட்டால் அடுத்தது தாலிதான். தவக்காலம் தொடங்கிவிட்டால் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் அதற்கு முந்தின வாரமே நாள் குறித்து, மண்டபமும் சொல்லியிருந்தோம்.

இரண்டாம் ஓலை வாசித்த அன்று பூசை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்காரி ஒருத்தி பக்கத்தில் வந்தாள். "நடுத்திட்டா குடுக்கிறீக? தண்ணி நடுவுல இருக்கிற ஊரு, ஆம்பளைகளும் தண்ணியிலதான் இருப்பாகன்னு கேள்வி. நல்லா விசாரிச்சீகளா?" என்றாள். சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள். நான் ஒரு காலில் செருப்போடு நின்றேன்.

அதை அவள் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் மூத்தவள் ஜெசிக்கும் இதே கோயிலில்தான் மூன்று ஓலை வாசித்தார்கள். நல்ல சம்பளம், நல்ல குடும்பம் என்று மாப்பிள்ளை ஊரே சொன்னது. கல்யாணம் ஆகி எட்டாவது நாள் அவன் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்தான். மூன்றாவது வருஷம் கையில் ஒரு குழந்தையோடும் முன்பல் உடைந்த வாயோடும் என் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவன் அப்படித்தான் என்று அந்த ஊரில் அத்தனை பேருக்கும் முன்னாலேயே தெரியுமாம். மூன்று ஞாயிறு கோயிலில் உட்கார்ந்து அவன் பேரைக் கேட்டவர்களில் ஒரு வாய் திறக்கவில்லை. நான் போய்ச் சண்டை போட்டபோது, "எங்களைத் தனியாக் கேட்டிருந்தா சொல்லியிருப்போமே" என்றாள் ஒருத்தி. அது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சகாயராஜின் வீட்டுக்கு நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை வந்திருந்தோம். வேன் வைத்துக்கொண்டு இருபது பேர் வந்து, சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு திரும்பினோம். வீட்டைப் பார்த்தோமே தவிர, ஊரைப் பார்க்கவில்லை. பையன் திருப்பூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, அப்பா நெஞ்சுவலியில் இறந்த பிறகு விவசாயத்துக்கே திரும்பிவிட்டவன். பெல்சிக்கு அவனைப் பிடித்திருந்தது. தினமும் போனில் பேசுகிறார்கள். சனிக்கிழமை போய் ஊரில் விசாரிக்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. காலையில் இட்லியைத் தொடாமல் எழுந்துவிட்டாள். ஜெசிதான் வாசல்வரை வந்து, "அம்மா, நல்லாக் கேட்டுட்டு வா" என்றாள்.

விசாரித்ததில் ஏதாவது ஒன்று தட்டினால், ஞாயிறு முதல் பூசைக்கு முன்னால் சாமியாரைப் பார்த்து ஓலையை நிறுத்தச் சொல்வது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மண்டபம் போனால் போகட்டும்.

பாலம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. இவர் இறங்கிப் போனார். கடைக்காரரும் இன்னொருவரும் இவரிடம் ஏதோ பேசினார்கள், கிழக்கே கையைக் காட்டினார்கள். திரும்பி வந்தவர் முகத்தில் ஒரே பெருமை.

"கிழக்குட்டு மூணு ஏக்கர் இருக்காம். ரோட்டோடயே போனா ஊரை ஒரு சுத்து சுத்திட்டு இங்குட்டே வந்துரலாமாம். மொத்தம் அஞ்சு கிலோமீட்டர்தான்."

ஊர் அழகுதான், அதில் பொய் சொல்லக் கூடாது. ரோட்டுக்கு உள்பக்கம் வீடுகள், வெளிப்பக்கம் வயல், வயலுக்கு அப்பால் தண்ணீர். பாதி வயலில் நெல் சாய்ந்து நின்றது, பாதியில் அறுப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. புது வைக்கோல் வாசனை காருக்குள் வந்தது. இவர் கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டார். நிஜமாகவே நிலம் வாங்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

கொஞ்ச தூரத்தில் ரோடு முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். வருகிற போகிற வண்டி ஏறினால் நெற்று உடைந்து பருப்பு உதிரும், தனியாக அடிக்க வேண்டாம். ஓரத்தில் இரண்டு பெண்கள் முறத்தோடு நின்றார்கள். இவர் தயங்கி நிறுத்தினார்.

"ஏறி வாங்கண்ணே, ஏறி வாங்க" என்று ஒருத்தி கையை ஆட்டினாள். ஏறித் தாண்டினோம். "அப்படியே பின்னால வந்து இன்னொரு தடவை ஏத்திட்டுப் போனீகன்னா நல்லது."

இவருக்கு யாராவது வேலை சொன்னால் போதும். முன்னும் பின்னுமாக நாலு தடவை ஓட்டினார். ஜோசப் ராஜ் பார்த்திருந்தால் அழுதிருப்பான். நான் இதுதான் சமயம் என்று இறங்கி அந்தப் பெண்களிடம் போனேன்.

"நிலம் பாக்க வந்தோம். அக்கம்பக்கம் எப்படின்னு தெரியணும்ல. அந்தா அந்தப் பச்சை வீடு யாருது?"

"அதுவா, சகாயராஜு வீடு. தங்கமான பையன்."

"குடி, கிடி?"

"ஐயையோ. தங்கமான பையன்."

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி ஓடிப்போய்ப் பனங்கிழங்கு ஒரு கட்டு கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். நிலம் பார்க்க வந்தவளுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்து மோட்டார் ரூம் வாசலில் நின்ற ஒருவரைக் கேட்டேன். தங்கமான பையன் என்றார். ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கேட்டேன். தங்கமான பிள்ளை என்றாள். சைக்கிளில் எதிரே வந்த ஒருவரை நிறுத்தினேன், நான் வாயைத் திறப்பதற்குள் அவராகவே, "தங்கமான பையன்மா" என்றார். நான் யாரைப் பற்றிக் கேட்கப் போகிறேன் என்று அந்த ஆளுக்கு யார் சொன்னது?

முப்பத்து மூன்று வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்தியவள் நான். ஒரு பெஞ்சில் நாலு பிள்ளைகள் ஒரே விடையை ஒரே எழுத்தில் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

சுற்றுப்பாதையின் நடுவில் சந்தியாகப்பர் கோயில். அதன் வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி நின்று கையைக் காட்டினார்.

"அங்குட்டுப் போகாதீக. நேத்துத்தான் மண்ணு அடிச்சிருக்காக, டயரு பதிஞ்சிரும். நிழல்ல நிறுத்துங்க. வாங்க சம்பந்தி, வாங்க சம்பந்தியம்மா."

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார்.

"யாரு சம்பந்தி? நாங்க நிலம் பாக்க வந்தவுக" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

அவர் பாவம், சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நான் இந்த ஊரு உபதேசியாருங்க, ஜான் பீட்டர். இங்க ஓலை வாசிக்கிறது நான்தான். காரைக்குடிப் பங்கைச் சேர்ந்த மரிய அந்தோணி, அருளம்மாள் இவர்களின் இளைய மகள்னு ரெண்டு வாரமா மைக்குல சொல்லியிருக்கேன். டீக்கடையில அண்ணன் பேரைச் சொன்னதும் சின்னச்சாமி எனக்குப் போன் போட்டுட்டாரு."

மாப்பிள்ளை ஊரிலும் ஓலை வாசிப்பார்கள். இது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஓலை. யாருக்கும் தெரியாமல் விசாரிப்பதாக நினைத்து, என் பேரை இரண்டு வாரம் மைக்கில் வாசித்த ஊருக்கு வேஷம் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

"நீங்க எதுக்குப் பேரைச் சொன்னீக?" என்று இவர் மேல் பாய்ந்தேன்.

"பேரு என்னன்னு கேட்டாரு. அதுக்குமா பொய் சொல்றது?" என்றார் இவர். "நீ நிலத்துக்குத்தான பொய் சொல்லச் சொன்ன."

உபதேசியார் உள்ளே போய் இரண்டு செம்பு மோர் கொண்டுவந்தார். எனக்கு மோர் இறங்கவில்லை. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதைவிடப் பெரிதாக ஒன்று உறைத்தது. இதுவரை கேட்ட ஒரு பேச்சுக்கும் இனி மதிப்பில்லை. பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள், நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று ஊரே பேசி வைத்துக்கொண்டிருக்கிறது. ஜெசிக்கு நடந்ததும் இதுதானே. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள், இங்கே வாயைத் திறந்து சிரிக்கிறார்கள், எனக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் நல்லவனாகவே இருந்தாலும் எனக்கு அது தெரியப்போவதில்லை. ஓலை நாளைக்கு.

செம்பைக் கீழே வைத்தேன்.

"உபதேசியாரே, கோயில் வாசல்ல நிக்கிறோம். ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லணும். அந்த வீட்டுக்கு ஆகாதவுக இந்த ஊர்ல யாரு?"

அவர் திடுக்கிட்டுப்போனார். "ஆகாதவுகளா? அதெல்லாம் எதுக்கும்மா..."

"எங்க மூத்த பொண்ணு கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தெரிந்திருந்தது. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "மேற்குட்டுக் கடைசியில சோணைன்னு ஒருத்தர். ரெண்டு வருஷமா அந்த வீட்டோட பேச்சு வார்த்தை இல்லை. நம்ம கோயில்காரர் இல்ல, நான் சொன்னாலும் கேக்க மாட்டாரு. ஊரே நல்லது சொன்னாலும் அவரு சொல்ல மாட்டாரு" என்றார்.

"அவருதான் வேணும்" என்றேன்.

மேற்கே ரோடு குறுகி வரப்பு மாதிரி ஆகிவிட்டது. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் மிளகாய்த் தோட்டம். தோட்டத்து ஓரத்தில் ஒரு கொட்டகை, அதன் முன்னால் கட்டிலில் உட்கார்ந்து ஒருவர் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயசுக்கு மேல் இருக்கும். கார் வந்து நின்றும் நிமிரவில்லை.

"நிலம் பாக்க வந்தவுகதான?" என்றார், கயிற்றைப் பார்த்தபடியே.

எனக்கு வேஷம் அலுத்துவிட்டது. "நிலம் இல்லைங்க. எங்க மகளைச் சகாயராஜுக்குக் குடுக்கப் போறோம். நாளைக்குக் கடைசி ஓலை. நீங்க அவனுக்கு ஆகாதவருன்னு சொன்னாக. அதான் உங்களைத் தேடி வந்தோம். அவன்கிட்ட என்ன குறை இருக்கோ அதைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். கயிற்றைக் கீழே போட்டார். இரண்டு வருஷமாக யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இருந்தவர் போல முகம் மலர்ந்துவிட்டது.

"உக்காரு தாயி. குறையா? ஒண்ணா ரெண்டா? மொதல்ல, பிடிவாதம். தண்ணி பாய்ச்ச முறை வச்சா அவன் முறையில ஒரு நிமிசம் கூடுதலாவும் எடுக்க மாட்டான், என் முறை முடிஞ்சா ஒரு நிமிசம் கூடுதலாவும் விட மாட்டான். கடிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு மடையில நிப்பான். ரெண்டாவது, சிரிக்கத் தெரியாது. மூணாவது, அந்த மோட்டார் பைக்கை அவன் ஓட்டுற வேகம். என் கோழி ஒண்ணு போயிருச்சு."

"கோழிக்குக் காசு குடுத்தானா?" என்று இவர் நடுவில் புகுந்தார். நான் இவரை முறைத்தேன்.

"குடுத்தான், குடுத்தான். அதை விடுங்க." சோணை கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியது. "இதெல்லாம் நான் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாத ஒண்ணு செஞ்சான் தாயி. எங்களுக்குள்ள வரப்புத் தகராறு. சிவகங்கை கோர்ட்டு வரைக்கும் போயிட்டு, கடைசியில பெரியவுக பேசி முடிச்சு விட்டாக. ரெண்டடி அவன் விட்டுக்குடுத்தான், ரெண்டடி நான் விட்டுக்குடுத்தேன். இந்த ஊர்ல சண்டை தீந்தா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து குடிக்கணும். குடிச்சாத்தான் தீந்தது. எங்க அப்பன் காலத்துலேருந்து அதுதான் வழக்கம். நான் நல்ல பாட்டிலா வாங்கி வச்சு, கோழி அடிச்சு, இதே கட்டில்ல உக்கார வச்சேன். வந்தான். கோழியைத் தின்னான். கிளாஸைத் தொடலை."

"தொடலையா?" என்றேன்.

"தொடலை! என் கையால ஊத்திக் குடுக்கிறேன், வேணாம் மாமான்றான். ஒரு வாய் குடிடா, வழக்கத்துக்குன்னேன். மாட்டேன்னுட்டான்."

"ஒரு சொட்டுக் கூடவா?"

"அதைத்தான நானும் சொன்னேன்! ஒரு சொட்டு நாக்குல வைடா, எனக்காகன்னு கெஞ்சினேன். இந்த வயசுல ஒரு சின்னப் பயகிட்டக் கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டான். கும்பிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். அம்புட்டுக் கொழுப்பு அவனுக்கு. அன்னைக்கு விட்டதுதான் பேச்சு."

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. இவர் என் தோளில் கை வைத்தார். மற்றவர்கள் எதிரில் இவர் என்றைக்கும் அப்படிச் செய்பவர் இல்லை.

சோணைக்கு ஒன்றும் புரியவில்லை. தன் அவமானத்தைக் கேட்டு நான் கலங்கிவிட்டேன் என்று நினைத்துவிட்டார். "அழுகாத தாயி. நீ ஒரு பொம்பளை, உனக்குத் தெரியுது. இந்த ஊர்ல ஒருத்தனுக்குத் தெரியலை" என்றார்.

"வேற எங்கயாச்சும் குடிச்சிருப்பான்ல? திருப்பூர்ல, கல்யாண வீட்டுல?" என்று விடாமல் கேட்டேன். ஐந்து வருஷப் பயம் ஒரு பதிலில் போகுமா?

"எங்கிட்டும் தொட மாட்டான். அவன் அப்பன் இருக்கானே, என்கூட இதே இடத்துல உக்காந்து குடிச்சவன். குடிச்சுக் குடிச்சுத்தான் ஈரல் வெந்து செத்தான். ரெண்டு மாசம் இவன்தான் வேலையை விட்டுட்டு வந்து தூக்கி எடுத்துப் பாத்தான். அன்னையிலேருந்து அந்த வீட்டுக்குள்ள பாட்டில் போனதில்லை. அப்பன் குடிச்ச கிளாஸை மகன் தொட மாட்டானாம், பெரிய இவன்."

நெஞ்சுவலி என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

கிளம்பும்போது சோணை கார் வரைக்கும் கூடவே வந்தார். ஏதோ கேட்க நினைத்துத் தயங்கினார். "உங்க கோயில்ல குறை இருந்தா சொல்லச் சொல்றாகளாம்ல? இதை நான் வந்து சொல்லணும்னா உள்ள விடுவாகளா?"

"கட்டாயம் வாங்க. எங்க கோயிலுக்கே வந்து சத்தமாச் சொல்லுங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஜெசியைக் கொடுத்த ஊரில் இப்படிக் கோபக்காரர் ஒருவர் இருந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

வந்த வழியே திரும்பியதில் சகாயராஜின் வீட்டைத் தாண்டிப் போக முடியவில்லை. ரோட்டிலேயே அவன் அம்மா வந்து நின்றிருந்தார். சாப்பாடு தயாராக இருந்தது, மீன் குழம்பும் முட்டையும். அவன் சிங்கம்புணரிப் பக்கம் அறுப்பு இயந்திரத்தோடு போயிருக்கிறானாம், போன் வந்தும் வேண்டுமென்றே வரவில்லையாம். "நான் இருந்தா அவுக கேக்க வந்ததைக் கேக்க முடியாது" என்றானாம். சிரிக்கத் தெரியாதவனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை குளுகுளுவென்று இருந்தது. அந்த அம்மாள் குனிந்து இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நிலம் புடிச்சிருக்கா?" என்றார். இவருக்குப் புரையேறிவிட்டது.

"புடிச்சிருக்கு" என்றேன்.

பந்தி முடிந்து கை கழுவப் பின்பக்கம் போனபோது அவர் என் கூடவே வந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "சோணை அண்ணனைப் பாத்தீகளாமே. அவரு எல்லாத்தையும் சொல்லியிருப்பாரு."

"சொன்னாரு."

"பொண்ணு பேச வந்தப்பவே நான் சொல்லியிருக்கணும். குடிகாரன் மகன்னு தெரிஞ்சா யாரு குடுப்பான்னு பயந்துட்டேன். நெஞ்சுவலின்னு சொல்லச் சொன்னதே நான்தான். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

கோபப்பட வேண்டியவள் நான். மறைத்தார்கள் என்றால் மறைத்தார்கள்தானே. ஆனால் அந்த அம்மாளின் முன்கையில், வளையலுக்கு மேலே, ஒரு பழைய தழும்பு இருந்தது. நான் கேட்கவில்லை. செம்பை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பாலத்துக்கு வந்த பிறகுதான் எங்கள் போனுக்கு டவர் கிடைத்தது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். பெல்சிக்குத்தான் முதலில் போடப் போகிறேன் என்று இவர் நினைத்திருப்பார். நான் ஜெசிக்குப் போட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். "அம்மா?"

"குடிக்க மாட்டானாம்டி. ஒரு சொட்டுத் தொட மாட்டானாம்."

"யாரு சொன்னா?"

"அவனுக்கு ஆகாதவன் சொன்னான். குடிக்கலைன்னுதான் அவனுக்குக் கோவமே."

"அப்ப நிசந்தான்" என்றாள் ஜெசி மெதுவாக. அதோடு, "எனக்கும் இப்படி ஒருத்தரைத் தேடிப் போயிருக்கலாம்லம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

ஐந்து வருஷமாக நான் எல்லோரிடமும் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை, ஊரே வாயை மூடிக்கொண்டது, மூன்று ஓலை வாசித்தும் ஒருத்தர் சொல்லவில்லை. இவரிடம், சாமியாரிடம், ஜெசியிடமும்கூட அதைத்தான்.

"போயிருக்கணும்டி" என்றேன். "அவுக சொல்லலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நான் கேக்கலை. நான்தான் கேக்காம விட்டுட்டேன் ஜெசி."

இவர் என்ஜினை அணைத்தார். ஜெசி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சரிம்மா. விடு" என்றாள். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "அவ காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை. நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள்.

"நீயே சொல்லு" என்றேன்.

அவள் போனை வைக்க மறந்துவிட்டு ஓடினாள். "பெல்சி, ஏ பெல்சி" என்று அவள் வீடெல்லாம் கத்திக்கொண்டு போவது எனக்கு இங்கே பாலத்தின் மேல் கேட்டது.